பீகார் பூகம்பமும் கடவுளின் கருணையும்

1934 ஜனவரி 15 அன்று பீகாரும் நேபாளமும் குலுங்கின. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வமயம் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துவந்த காந்தியடிகள், 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், இது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்றார்.

தாகூர் மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. எங்கோ பத்திரமாயிருக்கும் குற்றவாளிக்குப் பாடம் புகட்டக் குழந்தைகளையும் தீண்டாமைக்கு இரையானோரையுமே கொல்வதை நாகரிகமுள்ள எந்த அரசனும் செய்யான். கடவுள் செய்வாரா என்பது அவர் வாதம். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். (நம் சொற்போர்களில் இப்பெருந்தன்மை அரிது!) மெய்ப்பிக்க இயலாது, ஆயினும் நம்பிக்கையைக் கைவிடேன் என்பதே அவ்விடையின் சாரம்.

விஞ்ஞானம் பயிலும் நான் தாகூர் கட்சி. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இமயத்தின் அடியில் நுழைகிறது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் ஒருநாள் திடீரென விடுபடுகிறது. அதற்குச் சாதி தெரியாது.

அந்நகர்ச்சியன்றோ இமயத்தை எழுப்பிக் கங்கைச் சமவெளிக்கு வண்டலும் தந்தது என்று ஆத்திக நண்பர் கேட்பார். நியாயமே. ஆனால், வண்டல் விளைத்த நெல்லை உண்டவர் வேறு. இடிபாட்டில் சிக்கிய குழந்தை வேறு. அக்குழந்தையின் கணக்கை அவர் இன்னும் எனக்குத் தீர்த்துக் காட்டவில்லை.