வயசான நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது?



எங்கள் வீட்டு நாய் மணிக்கு 13 வயது. என்னைவிட ஒரு வயசு சின்னது. ஆனால் நாய்க் கணக்கில் அது தாத்தா. "குரைக்கக்கூட முடியல, இதுக்கு எதுக்குச் சோறு? சந்தையில விட்டுட்டு வாங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. படுக்கை: வயசானால் மூட்டு தேய்ந்து வலிக்கும். சாக்கை மடித்து, மேலே பழைய சேலை விரிக்கணும். எழுந்திருக்க முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடணும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

2. சாப்பாடு: குழைந்த சோறு, வேகவைத்த முட்டை கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு கூடாது. அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

3. மாத்திரை: நமக்கு உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருப்பது சாதாரணம். தொட்டால் சுடுதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

4. கண், காது: மங்கிப்போன நாயைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். பயத்தில் கடித்துவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும்.

5. சுத்தம்: படுத்த இடத்திலேயே ஒன்னுக்குப் போனால் அடிக்காதீங்க. அதனால் அடக்க முடியல, அவ்வளவுதான். துடைத்து ஈரமில்லாமல் வைக்கணும். ஈ மொய்த்தால் புண்ணில் புழு வைக்கும்.

"கடைசி நேரம்னு எப்படி சார் தெரியும்?" என்று டாக்டரிடம் கேட்டேன். "சாப்பாட்டைத் தொடாது, மூச்சு வாங்கும், வலியில முனகும். நல்ல நாளைவிடக் கஷ்டமான நாள் கூடிப்போனா வந்து சொல்லும்மா. வலி இல்லாம தூங்க வைக்க ஊசி இருக்கு" என்றார். அப்பா சரின்னுட்டாரு. அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல. அதனால் நான் தினமும் காலண்டரில் குறிக்கிறேன். நல்ல நாளுக்கு டிக், கஷ்டமான நாளுக்குப் புள்ளி. இந்த வாரம் நாலு டிக், மூணு புள்ளி.

தோழர்களே, கிழட்டு நாயைச் சந்தையில் விட்டால் அங்குள்ள நாய்கள் கடிக்கும், கண் தெரியாமல் வண்டியில் அடிபடும். இத்தனை வருஷம் நம் வாசலில் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாளும் அங்கேயே கிடக்கட்டும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி