சாயம் போன சட்டையும் சிரட்டைப் பொத்தானும்

பருவத் தேர்வு முடிந்த மறுநாள் நம் விடுதியின் பின்புறம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? குப்பைத் தொட்டியருகே கிடக்கும் துணிகளில் கிழிந்தவை மிகக் குறைவு. சாயம் சற்று மங்கியவை, ஒரு பொத்தான் இழந்தவை, சென்ற ஆண்டு வாங்கி அலுத்துப் போனவை ஆகியவையே மிகுதி. கிழியாத துணி ஏன் அங்கே கிடக்கிறது? போட்டவரைக் கேட்டால், "பழசாகத் தெரிகிறது" என்பார். துணி பழசாக இருப்பது வேறு. பழசாகத் தெரிவது வேறு. முன்னது நூலைப் பற்றியது. பின்னது கண்ணைப் பற்றியது. இந்த வேறுபாட்டைக் கற்க வேண்டிய தேவை சென்ற மார்ச்சு மாதம் எனக்கு வந்தது.

ஆராய்ச்சி இடம் ஒன்றிற்கு நேர்காணல் வந்திருந்தது. இடையில் ஒரு வாரமே இருந்தது. உதவித் தொகை இரண்டு மாதமாக வரவில்லை. முழுக்கைச் சட்டை என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நான் தில்லிக்குப் புறப்பட்டபோது அம்பாசமுத்திரத்தில் அப்பா தைத்துக் கொடுத்த நீலச் சட்டை அது. துணி உறுதியாகவே இருந்தது. நீலம் மட்டும் வெளுத்துவிட்டது. பொத்தானையாவது மாற்றுவோம் என்று, நீலத்துக்கு நீலம் பொருந்தும் என எண்ணி, பளபளப்பான கருநீலப் பொத்தான்களை வாங்கி வந்து இரவெல்லாம் தைத்தேன். காலையில் கண்ணாடி முன் நின்றால், சட்டை முன்னைவிடக் கிழடாகத் தெரிந்தது!

ஏன் இவ்வாறு ஆயிற்று? இதற்கு விடை கண்டவர் ஒரு வேதியியலார் என்பது நம் துறைக்குப் பெருமை. பிரான்சு நாட்டின் ஷெவ்ரல் (1786–1889) கொழுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ்பெற்றவர். 1824-இல் பாரிசிலுள்ள கோபெலின் திரைச்சீலை நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே ஒரு குறை அவரிடம் வந்தது: நீல, ஊதா நிறங்களை அடுத்து நெய்யப்படும் கறுப்பு நூல் எடுப்பாக இல்லை, சாயம் சரியில்லை. ஷெவ்ரல் சாயத்தை ஆராய்ந்தார். சாயத்தில் குற்றம் இல்லை. அடுத்திருந்த நிறமே கறுப்பைக் கெடுத்தது. ஒரு நிறம் தனித்துக் காணப்படுவதில்லை, அண்டை நிறத்தோடு ஒப்பிட்டே கண் அதை அறிகிறது என்று விளக்கி 1839-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

இப்போது என் சட்டைக்கு வருவோம். வெயிலும் துவைப்பும் சாய மூலக்கூறுகளிற் சிலவற்றைச் சிதைத்துவிட்டன. துவைக்குந்தோறும் நூலினின்று எழும் நுண்ணிய மயிர்கள் ஒளியைச் சிதறடித்து மேலும் வெளுப்பாகக் காட்டுகின்றன. இவ்வளவும் மெல்ல மெல்ல நிகழ்வதால் கண் பொறுத்துக் கொள்கிறது. ஆனால் அதன்மேல் ஆழ்ந்த புது நீலத்தை வைத்ததும், "நீலம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று கண்ணுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்துவிட்டேன். அந்த அளவுகோலுக்கு முன் என் சட்டை தோற்றது.

அளவுகோலை அகற்றி, எதிர் நிறத்தை வைத்தால்? நீலத்துக்கு எதிர் நிறம் செம்மஞ்சள். செம்மஞ்சளை இருளச் செய்தால் கிடைப்பது பழுப்பு. பழுப்பு என்றதும் எனக்கு நினைவு வந்தது தேங்காய்ச் சிரட்டை! அன்று மாலையே மெட்ரோ ஏறிச் சாந்தினி சௌக்கில் இறங்கி, கினாரி பஜாரின் சந்துக்குள் நுழைந்தேன். திருமண ஆடைகளுக்கான சரிகையும் லேசும் குவிந்து கிடக்கும் அந்தச் சந்தில் சிரட்டைப் பொத்தானும் கிடைத்தது. ஒன்பது பொத்தான், ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. தைத்து முடித்ததும் வெளிறிய நீலம் வெளிறிய நீலமாகவே நின்றது. ஆயினும் இது வேண்டுமென்றே தேர்ந்த மென்னீலம் என்று தோன்றியது.

பொத்தான் மிகச் சிறியது. அதனால் சட்டை முழுதும் நிறம் மாறிவிடும் என்று நான் கூறவில்லை. பரப்புக் கூடக் கூட விளைவும் கூடும். ஆதலால் முகத்தருகே வரும் மஃப்ளர், துப்பட்டா ஆகியவை பொத்தானைவிட வலியவை. மங்கிய பச்சைக் குர்தாவின்மேல் அரக்குத் துப்பட்டாவைப் போட்டுப் பாருங்கள். சேலை கட்டும் தோழியர் இதை எந்நூலும் படியாமலே அறிவர். பழைய சேலைக்கு மாற்று நிறத்தில் ஒரு ரவிக்கை தைத்தால் சேலையே புதிதாகிவிடுகிறதன்றோ? காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிறம் வைத்து இணைத்து நெய்யும் நெசவாளர், ஷெவ்ரலுக்கு ஆசிரியராயிருக்கத் தக்கவர்.

வெள்ளைச் சட்டைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மஞ்சளேறிய வெள்ளையில் தூய வெள்ளைப் பொத்தான் வைத்தால் மஞ்சள்தான் கூடித் தெரியும். அதற்கு முத்துச்சிப்பிப் பொத்தானே ஏற்றது. சிப்பியின் மினுமினுப்பு சாயத்தால் ஆனதன்று. ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிப்புள்ள கால்சியம் கார்பனேட்டுத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து, ஒளியலைகளை ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்வதால் தோன்றுவது. வெளுக்கச் சாயமே இல்லாததால், துணி வெளுத்தாலும் அது வெளுப்பதில்லை. பிளாஸ்டிக்கைச் சிப்பி என்று விற்பாரும் உண்டு. உதட்டில் வைத்துப் பாருங்கள். சிப்பி வெப்பத்தை விரைந்து கடத்துவதால் சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக் அவ்வாறு இராது.

இயற்கைப் பொருள் என்றாலே தீங்கற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மஸ்கடீன் நகரம் ஆற்றுச் சிப்பியிலிருந்து 1905-இல் 150 கோடிப் பொத்தான்கள் செய்தது. அந்த வேகத்தை ஆறு தாங்கவில்லை; சிப்பிகள் அருகிவிட்டன. சிரட்டையோ தேங்காயைத் தின்றபின் எஞ்சுவது. என் ஓட்டு சிரட்டைக்கே. (திருநெல்வேலிக்காரன் வேறு எப்படிச் சொல்வான் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.)

பொருளறியாமல் வாங்கி நான் கெட்ட கதையும் ஒன்றுண்டு. குர்தா ஒன்றிற்குப் "பித்தளை" என்று சொல்லிக் கொடுத்த பொன்னிறப் பொத்தான்களை வாங்கித் தைத்தேன். இஸ்திரிப் பெட்டி பட்டதும் இரண்டு பொத்தான்கள் குழைந்து துணியோடு ஒட்டின. உள்ளே இருந்தது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், மேலே மட்டும் உலோகப் பூச்சு. அது 105 பாகை செல்சியசு அளவிலேயே இளகத் தொடங்கும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூடோ 200 பாகையை எட்டும். சாதாரணச் சட்டைகளில் வரும் பாலியெஸ்டர் பிசின் பொத்தானின் மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்பால் வலைபோல் கட்டுண்டவை. ஆதலால் அது உருகுவதில்லை. இரண்டும் பிளாஸ்டிக்கே, பிணைப்பு வேறு, நடத்தை வேறு.

மலிவான உலோகப் பொத்தான், வார்ப்பூட்டு, தோடு ஆகியவற்றில் நிக்கல் இருந்தால் வியர்வையில் கரைந்து சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். நிக்கலுக்கு நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் டைமெத்தில் கிளையாக்சைம் சோதனையே இதற்கும் போதும். அம்மோனியா சேர்த்து நனைத்த பஞ்சால் தேய்த்தால், இளஞ்சிவப்பு நிறம் நிக்கலைக் காட்டிக் கொடுக்கும்.

தைக்கும் முறையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பொத்தானைத் துணியோடு இறுக்கித் தைக்கலாகாது. நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடியுங்கள். காஜாவின் துணித் தடிப்புக்கு அந்த இடம் வேண்டும். பழைய சட்டையில் பொத்தானிருந்த இடம் நைந்திருந்தால், உட்புறம் சிறு துணித்துண்டு ஒன்றை அண்டை கொடுத்துத் தையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பொத்தானைக் கையோடு கொண்டு போவது நல்லது. காஜாவுக்குப் பெரிய பொத்தான் நுழையாது, சிறியது நிற்காது. சிரட்டைப் பொத்தான் உள்ள சட்டையை இரவு முழுதும் ஊறவைக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பயன் என்ன? ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி வளர்வது முதல் கணக்கிட்டால், ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது என்று மதிப்பிட்டுள்ளனர். ஓர் ஆடையை மேலும் ஒன்பது மாதம் உடுத்தினால் கரி, நீர், கழிவு ஆகிய சுமைகள் 20 முதல் 30 விழுக்காடு குறையும் என்று இங்கிலாந்தின் ராப் அமைப்பு 2012-இல் கணக்கிட்டது. "குப்பைக்குப் போனாலும் மறுசுழற்சி ஆகுமே" என்று ஒரு நண்பர் வாதிட்டார். நமக்கு வடக்கே 90 கிலோமீட்டர் அளவிலுள்ள பானிப்பட்டில் பழந்துணிகளைக் கிழித்துக் கம்பளி நெய்கிறார்கள், உண்மைதான். ஆனால் கிழிக்கும்போது இழை குட்டையாகிறது. குட்டை இழையில் மீண்டும் சட்டைத்துணி நெய்ய இயலாது. அங்கேயும் முதலில் பெண்கள் அமர்ந்து வெட்டி எடுப்பது பொத்தான்களையும் ஜிப்புகளையும்தாம்.

அதே காரணத்தால், வாரம் ஒரு மணிமாலை, மாதம் ஒரு பெல்ட்டு என்று வாங்கிக் குவிப்பதை நான் சிக்கனமென்று ஒப்பேன். துணிக்குப் பதில் பொத்தானைக் குப்பையாக்குவது என்ன சீர்திருத்தம்?

நேர்காணலில் என் சட்டையைப் பற்றி எவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு விடை தெரியவில்லை. அதற்குப் பொத்தான் பொறுப்பன்று. முடிவு இன்னும் வரவில்லை.

சங்க அறையின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். விடுதியைக் காலி செய்பவர்கள், உண்மையாகவே கிழிந்த துணிகளைக் கழிக்குமுன் பொத்தான்களை வெட்டி அதில் போட்டுச் செல்லுங்கள். வேண்டியவர் எடுத்துக் கொள்ளலாம். ஊசியும் நூலும் அதே டப்பாவில் உள்ளன. கருநீலப் பொத்தான்கள் ஒன்பது இப்போதே இருக்கின்றன. பழுப்பு நிறச் சட்டை உடையவர் யாரேனும் வந்து பெற்றுக் கொள்ளவும்.