ஒப்பந்த வல்லுநரும் வேலை விசாவும்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டு வல்லுநர்களிடம் எதைச் சரிபார்க்க வேண்டும்? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மண்ணில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு கொரியப் பொறியாளர்களின் வருகை பெருகியதால், இக்கேள்வி உள்ளூர்க் கேள்வியாகவே ஆகிவிட்டது. இந்தியாவில் பணிபுரியும் உரிமை விசாவின் வகையைச் சார்ந்தது; வணிகப் பேச்சுக்கும் கூட்டங்களுக்கும் உரிய வணிக விசாவுடன் வருபவர் பொதுவாகத் திட்டப்பணியைச் செய்து முடிக்க இயலாது என்பதால், அதற்குப் பெரும்பாலும் வேலை விசா வேண்டும். மாதச் சம்பளமின்றி, ஒப்பந்தப்படி குறித்த தொகை பெறும் ஆலோசகரும் இவ்வகையிலேயே அடங்குவார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவ்விசாவுக்கு, சில விலக்குகள் தவிர, ஆண்டு ஊதியம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். வேலை தருபவரை விருப்பம்போல் மாற்றவும் முடியாது. ஆகவே, ஆளனுப்பும் நிறுவனத்தின் வாய்மொழி உறுதியை நம்பாமல், விசா எந்த நிறுவனத்தின் பணிக்காக வழங்கப்பட்டது என்பதை ஆலை நிர்வாகமே கடவுச்சீட்டில் பார்ப்பது நல்லது. இவ்விதிகளுக்கு அடிப்படையாக இருந்த 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்தில், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது.