சூரியனைப் படமெடுக்க: வெள்ளை ஒளியா, சிவப்பு ஒளியா?

ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட பிறகு, தொலைநோக்கியில் கேமராவை மாட்டிச் சூரியனைப் படமெடுக்க ஆசைப்படும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பலர் யோசனை கேட்க வருவதில்லை, வாங்கிவிட்ட கருவியோடு வருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு செம்மஞ்சள் சூரியன், அதன் விளிம்பில் எழும் சுவாலை. அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிடுகிறார்கள். இல்லையென்றால், அப்பாவின் நண்பர் வீட்டுப் பையன் அதே கருவியை வைத்துப் பரிசு வாங்கினான் என்பதற்காக வீட்டில் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். சில மாதங்களில் கருவி அலமாரிக்குள் போய்விடுகிறது. பிள்ளையோ, தனக்கு வானியல் வராது என்று தீர்மானித்துவிடுகிறது. கருவி வீணாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கையில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் சின்னத் தொலைநோக்கியும் இருக்கின்றன, அல்லது வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மிரர்லெஸ் நல்ல தேர்வு. உள்ளே கண்ணாடி எழும்பி அடிப்பதில்லை என்பதால் அதிர்வு இல்லை. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் குவியம் பார்க்கலாம். வ்யூஃபைண்டரில் தெரிவது மின்திரைப் படம் என்பதால் சூரிய ஒளி நேராகக் கண்ணுக்கு வராது. அதற்காக வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள். சென்சாரும் ஷட்டரும் நொடிகளில் கருகும். யாராவது கேமராவைக் கழற்றிவிட்டு ஐபீஸை மாட்டிப் பார்த்தால் பார்வையே போகும்.

ஆகவே வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் வாயில், ஒளி உள்ளே நுழையும் முனையில் இருக்க வேண்டும். ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடித் துண்டு பழைய தொலைநோக்கிகளோடு வரும். அது குவிந்த வெப்பத்தில் விரிசல் விடும். உடனே குப்பையில் போடுங்கள். தேடுதொலைநோக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதற்குப் பதில் குழாயின் நிழலைக் கவனியுங்கள்: அது தரையில் எப்போது மிகச் சிறிய வட்டமாகிறதோ, அப்போது தொலைநோக்கி சூரியனை நோக்கியிருக்கிறது.

வெள்ளை ஒளியில் எடுப்பவருக்கு வழிகள் சில உண்டு. சூரிய வடிகட்டித் தாள் ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். இதை ஓடி 5 என்பார்கள். படமெடுக்க மட்டுமென்று ஓடி 3.8 தாளும் விற்கிறது. அது கண்ணுக்கு ஆகாது, மாணவர்கள் நடமாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கண்ணாடி வடிகட்டி உறுதியானது, ஆனால் நல்ல தாள் தரும் கூர்மை மலிவான கண்ணாடியில் வராது. ஹெர்ஷல் முப்பட்டகம் கூர்மையில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் லென்ஸ் வைத்த தொலைநோக்கிக்கு மட்டுமே அது பொருந்தும். வாயில் வடிகட்டி இல்லாமல் முழு வெப்பத்தையும் குழாய்க்குள் விடுவதால், பழகிய கைக்கே அது சரி.

இனி, பலரையும் ஏமாற்றும் வழிக்கு வருகிறேன். ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி 656.28 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றி, 0.1 நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள சிவப்புக் கீற்றை மட்டும் உள்ளே விடும். அந்தக் கீற்றில்தான் சுவாலைகளும் இழைகளும் தெரியும். கண்ணால் பார்க்க அற்புதமான கருவி; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மிரர்லெஸ் கேமராவோடு அதை இணைத்து முதல் கருவியாக வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காரணம் சென்சாரில் இருக்கிறது. நம் கேமரா நிறக் கேமரா. நான்கு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கும், இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. உள்ளே வரும் ஒளி முழுக்கச் சிவப்பு என்றால் முக்கால்வாசிப் பிக்சல்கள் சும்மா இருக்கும். கூர்மை அந்த அளவுக்குப் போகும். கேமராவோ மூன்று நிறங்களையும் கலந்து கணக்குப் போட்டு "வெளிச்சம் போதவில்லை" என்னும். அதை நம்பி ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் சிவப்பு நிரம்பி வழிந்து, விவரமே இல்லாத ஒரு சிவப்பு வட்டு வந்து நிற்கும். ஒற்றை அலைநீள ஒளி, சென்சாரின் மேலுள்ள கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையே எதிரொளித்து, நியூட்டன் வளையங்கள் என்ற கோடுகளைப் படத்தில் போடுவதும் உண்டு. கேமராவைச் சற்றுச் சாய்த்து மாட்டினால் அவை குறையும். அதற்கும் தனி இணைப்பான் வாங்க வேண்டும்.

இன்னொன்று: சிறிய ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கிகள் பல கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கேமராவை நேரடியாக மாட்டினால் குவியம் சென்சார் வரை எட்டாது. 400 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் குவியம் எட்டினாலும் சூரியன் வெறும் 3.7 மி.மீ. வட்டம்தான்.

அப்படியானால் இணையத்தில் பார்க்கும் படங்கள்? பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை வானியல் கேமராவில் எடுத்தவை. நொடிக்குப் பல சட்டங்களாக ஆயிரக்கணக்கில் எடுத்து, தெளிவானவற்றை மென்பொருளால் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். வட்டுக்கு ஒரு ஒளியளவு, மங்கலான சுவாலைக்கு வேறொரு ஒளியளவு என்று தனித்தனியே எடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்தச் செம்மஞ்சள் நிறம் கடைசியில் பூசியது. இது ஏமாற்று அல்ல, கற்றுத் தேர்ந்தவர்களின் கைவேலை. அதைத் தொடக்கக்காரரின் முதல் வாரப் படத்தோடு ஒப்பிட்டு மனம் உடைவதுதான் தவறு.

எண்பது முதல் நூறு மி.மீ. விட்டமுள்ள ஒரு லென்ஸ் தொலைநோக்கி, ஓடி 5 தாள், மிரர்லெஸ் கேமரா. மாணவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கட்சி. பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளோடு மொட்டை மாடியில் நின்று பார்த்துப் பார்த்து வந்த பிடிப்பு இது. மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் லென்ஸ் தொலைநோக்கியில் வெள்ளை ஒளியில் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியனின் நீண்டகாலப் போக்கை ஆராய்பவர்கள் இன்றும் அந்தப் படங்களைத் தேடிப் போகிறார்கள். தொடர்ந்து எடுத்ததுதான் அவற்றின் மதிப்பு.

தொலைநோக்கி, தாள், கேமரா என்ற இந்தக் கூட்டணியில் கணக்கும் எளிது. குவியத் தூரத்தை 107ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் அளவு கிடைக்கும். 1000 மி.மீ. என்றால் 9.3 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15.6 மி.மீ. அளவில் இருப்பதால் சூரியன் முழுதாக, சுற்றிலும் இடம் விட்டு அடங்கும். கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-ரிங் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிரர்லெஸ்ஸுக்கான வழக்கமான டி-ரிங் 55 மி.மீ. தூரத்தை நிரப்ப நீண்ட குழாயாக வரும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் குவியம் எட்டவில்லை என்றால் குட்டையான இணைப்பானைத் தேடுங்கள்.

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/1000 நொடிக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். ரா கோப்பாக, மின்னணு ஷட்டரில் எடுங்கள். வட்டின் விளிம்பைவிடக் கரும்புள்ளியின் ஓரத்தில் குவியம் பிடிப்பது நல்லது. ஒரே தடவையில் ஐம்பது படம் எடுத்துச் சிறந்ததைப் பொறுக்குங்கள். சூரியன் எழுந்து ஓரிரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். மாடித் தளம் சூடேறிவிட்டால் காற்று கொதிக்கும், எந்தக் கருவியும் உதவாது. முடிந்தால் புல்தரையில் நில்லுங்கள்.

பொறுமை வேண்டும். கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று வட்டின் ஒரு விளிம்பில் தோன்றி மறு விளிம்புக்குப் போக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து அதைத் தொடர்ந்து பாருங்கள். சூரியனின் குறுக்களவு பூமியைப் போல் 109 மடங்கு. படத்தில் அளந்து அந்தப் புள்ளி பூமியைவிடப் பெரிதா என்று நீங்களே சொல்லலாம். இந்த இரண்டு வாரத்தை அலுப்பில்லாமல் கடக்கும் பிள்ளைக்கு வானியல் வரும். கடக்க முடியாத பிள்ளைக்கு நிலாவோ, பறவையோ, மைக்ரோஸ்கோப்போ பிடித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு லட்சம் ரூபாய்க் கருவி தேவையில்லை, ஒரு தாள் போதும். பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்பதற்கு முன்னால் வாங்கித் தராதீர்கள். கேட்டாலும், அது எடுத்த முதல் ஐம்பது சூரியப் படங்களைக் காட்டச் சொல்லி, பிறகு பேசுங்கள்.

தாளை ஒவ்வொரு முறையும் விளக்கில் தூக்கிப் பிடித்து ஊசித் துளையாவது, கீறலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூக்கி எறியுங்கள். 2031 மே 21 அன்று தென்தமிழகத்தின் மீது வளைய கிரகணம் கடந்து போகிறது. அதைப் படமெடுக்க இந்தத் தாளே போதும், ஹைட்ரஜன்-ஆல்ஃபா தேவையே இல்லை.