சுவான்சௌ செல்வோம்



கூடிப் பயணம் செய்வது ஒரு கலை. தனியே செல்பவன் வழி தவறினால் அவன் ஒருவனுக்கே தொல்லை. குழுவாகச் செல்வோர் வழி தவறினால் அத்தனை பேருக்கும் தொல்லை, நட்புக்கும் கேடு. அக்கலையை நாங்கள் கற்கத் தொடங்கிய கதையைச் சொன்னால், நாளை இவ்வாறு புறப்பட எண்ணும் உங்களுக்கும் அது பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

சில திங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜனக்புரியில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் நம் சங்கத்து மாணவர் பன்னிருவர் கூடினோம். விடுமுறையில் சீன நாட்டுக்குச் சென்று வரவேண்டும் என்பதில் எல்லாரும் ஒருமனமாக இருந்தோம். எந்த நகரத்துக்கு என்பதில்தான் பூசல் எழுந்தது. ஒருவர் ஷாங்காயின் உயர்ந்த கட்டடங்களைக் காணவேண்டும் என்றார். இன்னொருவர் பெய்ஜிங் சென்று பெருஞ்சுவரில் ஏறவேண்டும் என்றார். வரலாறு பயிலும் நண்பர் மட்டும், "சுவான்சௌ செல்வோம். அங்கே நம் மொழியில் வெட்டிய கல் ஒன்று கிடைத்திருக்கிறது" என்றார்.

மாடியில் பேச்சு நின்றது. எங்களுள் ஒன்பதின்மர் அந்த ஊரின் பெயரையே அன்றுதான் கேட்டோம்.

ஏன் அந்த ஊர்?

சுவான்சௌ, சீனத்தின் தென்கிழக்கே ஃபூஜியன் மாநிலக் கடற்கரையில் உள்ள பெருநகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் ஆட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். சோங், யுவான் அரச மரபினர் காலத்தில் அது உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. அரபு வணிகர் அதனைச் 'சைத்தூன்' என்று அழைத்தனர். மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் அதன் பெருமையை எழுதி வைத்தனர். 2021இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

தமிழருக்கும் சீனத்துக்கும் இருந்த உறவு ஒருநாளில் தோன்றியதன்று. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சோங் அரசவையை அடைந்தன. 1077இல் சென்ற குழுவில் 72 பேர் இருந்தனர். அரசர் அனுப்பிய தூதர் இவர்கள். இவர்களையன்றி, திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினர் கீழைக் கடல்களில் தொடர்ந்து சென்று வந்தனர். குழுவாகப் பயணம் செய்வது நமக்குப் புதிதன்று என்பதை இங்கே நினைவிற் கொள்வோம்.

நண்பர் குறிப்பிட்ட கல் 1281ஆம் ஆண்டினது. அப்போது சீனத்தை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். பாண்டிய நாட்டை ஆண்டவன் மாறவர்மன் குலசேகரன். சக ஆண்டு 1203, சித்திரைத் திங்களில், சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள் சுவான்சௌவில் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்று அது கூறுகிறது. கோயிலின் பெயர் திருக்கானீச்சரம். 'செகசை கான்' என்னும் அரசனின் நலத்துக்காக, அவன் அளித்த ஆணைப்படி இது செய்யப்பட்டதாம். தமிழ் வரிகள் முடிந்தபின் இறுதியில் சீன எழுத்துக்களும் உள்ளன.

இச்செய்தியைக் கேட்டபின் ஷாங்காயும் பெய்ஜிங்கும் தாமே விலகிக்கொண்டன. குழுப் பயணத்தின் முதற்பாடம் இதுதான்: எந்த ஊர் என்று முடிவு செய்யுமுன் எதற்காக என்று முடிவு செய்யுங்கள். காரணம் வலிமையாக இருந்தால் பன்னிரண்டு மனங்களும் ஒரு வழியில் செல்லும்.

ஊர்ப் பெயரும் வழியும்

அன்றே ஒரு தவறு நிகழவிருந்தது. எங்களுள் விரைவுமிக்க ஒருவர் கைப்பேசியில் விமானக் கட்டணம் தேடி, "மலிவாக இருக்கிறது, இப்போதே பன்னிரண்டு சீட்டும் வாங்கிவிடலாம்" என்று மகிழ்ந்தார். உற்றுப் பார்த்தால் அவர் தேடியது குவாங்சௌ! அது குவாங்டொங் மாநிலத்தின் தலைநகர். பழைய பெயர் காண்டன். சுவான்சௌவுக்கும் அதற்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்களும் இரட்டைப் பிள்ளைகள் போல் தோன்றுவதால் வந்த வினை. சீனத்து ஊர்ப் பெயர்களைச் சீன எழுத்திலும் குறித்து வைத்துக்கொண்டால் இத்தகைய தவறு நேராது.

ஆயினும் அந்தத் தவறும் ஒரு வழியைக் காட்டியது. 2020இல் நின்றுபோன இந்திய - சீன நேர் விமானப் போக்குவரத்து 2025 அக்டோபர் இறுதியில் மீண்டும் தொடங்கியது. அடுத்த மாதமே தில்லியிலிருந்து குவாங்சௌவுக்கு நேர் விமானம் விடப்பட்டது. எனவே குவாங்சௌவில் இறங்கி, ஒரு நாள் அப்பெருநகரைக் கண்டு, அங்கிருந்து அதிவிரைவு இரயிலில் சுவான்சௌ செல்வது என்று முடிவு செய்தோம். விமான அட்டவணைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். பணம் கட்டுமுன் மீண்டும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

காலம் அறிதல்

பழைய வணிகர் காற்றைப் பார்த்துப் பாய் விரித்தனர். தென்மேற்குக் காற்றில் சீனம் சென்று, வடகிழக்குக் காற்று வீசும்வரை காத்திருந்து திரும்பினர். விமானம் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் பயணிகள் காலம் அறியத்தான் வேண்டும். ஃபூஜியன் கரையில் கோடைக் காலத்திலும் அதனையடுத்தும் சூறாவளிகள் வரும். அக்டோபர் முதல் நாளையொட்டி வரும் தேசிய விழா விடுமுறையிலும், சனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டிலும் அந்நாடே பயணத்தில் இருக்கும். இரயிலில் இடம் கிடைப்பது அரிது.

கல்வெட்டில் குறித்த சித்திரையிலேயே செல்லலாம் என்று ஒரு நண்பர் உணர்ச்சியோடு சொன்னார். "சித்திரை முடிந்தால் தேர்வு, அதுவும் கல்லில் வெட்டியதுதான்" என்று மற்றொருவர் நினைவூட்டினார். டிசம்பர் விடுமுறை என்று ஒப்புக்கொண்டோம். அப்போது தில்லியில் பனிமூட்டம். சுவான்சௌவிலோ மிதமான குளிர். பனிமூட்டத்தால் விமானம் தாமதமாகலாம் ஆதலால், குவாங்சௌவில் இறங்கும் நாளிலேயே இரயில் சீட்டு வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

இசைவும் பெயரும்

அன்று கானின் ஆணை, இன்று விசா. பயணம் முடிந்த பின்னும் சில மாதங்கள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டு, அதில் வெற்றுப் பக்கங்கள், போகவர விமானச் சீட்டு, தங்கும் விடுதிக்கான பதிவு ஆகியவை சுற்றுலா விசாவுக்கு வேண்டும். எங்கள் பன்னிருவரின் பாஸ்போர்ட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இரண்டு காலாவதியாகும் நிலையில் இருந்தன. அவ்விருவரும் தாமாகப் பார்த்திருந்தால் இறுதி வாரத்தில்தான் பார்த்திருப்பர்.

தமிழர்க்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்வது நம் வழக்கம். கல்லூரிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர், விமானச் சீட்டில் வேறொன்று என்று அமைந்துவிட்டால் பயணம் வாயிலிலேயே நின்றுவிடும். நான் முன்பொருமுறை வேறொரு நாட்டுக்குச் சென்றபோது, சீட்டில் 'க.' என்று மட்டும் பதிந்து, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக இருந்தமையால், விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன். என் பொருட்டு என் நண்பர் நால்வரும் நின்றனர். ஆகவே ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் பார்த்து அதில் உள்ளபடியே பெயரையும் எண்ணையும் எழுதிப் பட்டியல் செய்தோம். சீனத்தில் இரயில் சீட்டும் பாஸ்போர்ட்டு எண்ணின்பேரில்தான் தரப்படுகிறது. விடுதியிலும் அதனைக் காட்டியே பதிய வேண்டும்.

பொது நிதி

பணத்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசாத குழு, பயணத்தின் நடுவில் கோபத்தோடு பேசும். ஆனால் எல்லார் முன்னும் "என்னால் இவ்வளவுதான் இயலும்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நாங்கள் ஒரு வழி கண்டோம. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தொகையைப் பெயரின்றி ஒரு சீட்டில் எழுதி ஒரு பாத்திரத்தில் இட்டோம். அவற்றுள் மிகச் சிறிய தொகை எதுவோ அதுவே குழுவின் எல்லை என்று கொண்டோம். அது யார் எழுதியது என்று எவரும் கேட்கவில்லை. அந்த எல்லைக்குள் அடங்குவதற்காக விடுதியின் தரத்தைக் குறைத்தோம், நாட்களைக் குறைக்கவில்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை நோய், தாமதம் போன்ற இடர்களுக்கென்று ஒதுக்கினோம்.

அங்கே கடைகளில் பெரும்பாலும் கைப்பேசிவழியே பணம் செலுத்துகின்றனர். அலிபே, வீசாட் ஆகிய செயலிகளில் வெளிநாட்டார் தம் வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளலாம். அதை இங்கேயே செய்து பார்த்துவிட வேண்டும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் வாட்சப்பும் கூகுளும் அந்நாட்டில் வழக்கமான இணைப்பில் இயங்குவதில்லை. ஆதலால் விடுதி முகவரி, ஊர்ப் படம், குழுவினர் எண்கள் ஆகியவற்றைத் தாளிலும் வைத்திருத்தல் வேண்டும்.

மொழியும் உணவும்

1409ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டு ஒன்றைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையில் நிறுவினார். காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. வந்த இடத்தின் மொழியை மதிக்கும் பண்பு இருபுறமும் இருந்தது. நாமும் சில சொற்களையாவது கற்றுச் செல்வோம். எங்களுள் மூவர் சைவ உணவினர். 'சு' என்பது சைவ உணவைக் குறிக்கும் சீனச் சொல். இறைச்சி, மீன், முட்டை வேண்டா என்பதைச் சீன எழுத்தில் எழுதிய சிறு அட்டை ஒன்றை அவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்வர். பேச்சொலி தவறினாலும் எழுத்து தவறாது.

எவற்றைக் காண்போம்?

686ஆம் ஆண்டில் தோன்றிய கையுவான் பௌத்தப் பள்ளி அந்நகரின் அணிகலன். அதன் பெருமண்டபத்தின் பின்புறத்தில், பதினாறு பட்டையுள்ள இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிங்கமும் காளியன்மேல் ஆடும் கண்ணனும் செதுக்கப்பட்டுள்ளனர். முன்பிருந்த இந்துக் கோயிலின் கற்கள் பிற்காலத்தில் இவ்வாறு பௌத்தப் பள்ளியில் இடம்பெற்றன. நகரின் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் இத்தகைய சிற்பங்கள் பல உள்ளன. அருகிலுள்ள செதியன் என்னும் சிற்றூரில் நான்கு கையுடைய தேவி சிற்பம் ஒன்றை மக்கள் குவான்யின் என்னும் அருட்தெய்வமாக எண்ணி இன்றும் ஊதுவத்தி ஏற்றி வழிபடுகின்றனர். அங்கே நாம் காட்சிப் பொருளைக் காணச் செல்பவர் அல்லர்; ஓர் ஊராரின் கோயிலுக்குள் நுழைபவர். குரலைத் தாழ்த்துவதும், கேட்டபின் படம் எடுப்பதும் கடமை.

அருங்காட்சியகப் பொருள்கள் இடம் மாறுவதும் பழுதுபார்க்கப்படுவதும் உண்டு. ஆதலால் கல்வெட்டைக் காண விரும்புவோர் முன்கூட்டியே எழுதி இசைவு பெறுதல் வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

படிப்பவர் யார்?

எல்லாம் முடிந்தது என்று எண்ணி எழும்போது, ஜனக்புரியிலேயே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன் மெல்லக் கேட்டான்: "அண்ணா, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தக் கல்லைப் பார்த்தாலும் எனக்கு அது சீனம் மாதிரிதானே இருக்கும்?"

எவருக்கும் விடை வரவில்லை. அவனைப் போல் எங்களுள் மேலும் இருவர் இருந்தனர். எஞ்சிய நாங்கள் மட்டும் படித்துவிடுவோமா? பழைய கல்வெட்டுக்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். இடையே கிரந்த எழுத்துக்கள் வரும். பட்டம் பெற்ற தமிழ் மாணவனும் அங்கே எழுத்தறியாதவனே! பன்னிருவர் கடல் கடந்து சென்று, நம் முன்னோர் எழுதி வைத்ததன் முன் நின்று, படம் மட்டும் எடுத்துத் திரும்புவதா?

அன்று போட்ட திட்டத்தில் ஒரு பகுதி கூடியது. ஞாயிறுதோறும் மாலையில் அதே மாடியில் இரண்டு மணி நேரம் வகுப்பு. இப்பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மனமுவந்து வருகிறார். முதலில் மூவருக்கு இன்றைய எழுத்து. பின்பு அனைவருக்கும் கல்வெட்டு எழுத்து. அச்சில் வந்த பாடத்தையும் கல்லின் படத்தையும் அருகருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுகிறோம்.

சென்ற வாரம் அத்தம்பி படத்தின்மேல் விரல் வைத்து, திணறித் திணறி ஒரு சொல்லைப் படித்தான். 'கான்' என்பதே அச்சொல். வேற்று நாட்டு மன்னனின் பெயரைத் தமிழெழுத்தில் ஒருவர் வெட்டி வைக்க, ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் தில்லியில் ஒரு மாணவன் அதைப் படிக்கிறான். விசா இன்னும் வரவில்லை. சீட்டும் இன்னும் வாங்கவில்லை. ஆயினும் எங்கள் பயணம் தொடங்கிவிட்டது என்றே கருதுகிறேன்.

நண்பர்களே, நீங்களும் ஒரு குழுவாகுங்கள். செல்லும் ஊர் எதுவாயினும், அங்கே படிக்கவேண்டியது எது என்று முதலில் கேளுங்கள். அதைப் படிக்கும் ஆற்றலை வீட்டிலேயே தேடிக்கொண்டு புறப்படுங்கள். எங்கள் மாடியில் இன்னும் சிலர் அமர இடம் இருக்கிறது. ஞாயிறு மாலை வாருங்கள்.