முழங்கால் நார் அறுந்தால்

பந்தோடு ஓடிவரும் ஒருவர் சட்டென்று திரும்புகிறார். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஓர் ஓசை. பல வேளைகளில் யாரும் அவரை இடித்திருக்கக்கூட மாட்டார்கள். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். இதனைச் சுளுக்கென்று எண்ணித் தைலம் தேய்த்து நீவி, வீக்கம் வடிந்ததும் மறுபடி திடலுக்கு ஓடுவதே நம் வாலிபர்களின் வழக்கம். ஆகவே இக்காயம் பற்றிய ஆராய்ச்சி முடிவுகளை வாசகர்கள், சிறப்பாகப் பெற்றோர்கள், அறிந்திருத்தல் நலமெனக் கருதுகின்றோம்.

முழங்காலின் நடுவே இரண்டு நார்கள் குறுக்கு நெடுக்காகச் செல்கின்றன. முன்குறுக்கு நார், கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் அளவு மீறித் திருகாமலும் பிடித்துக்கொள்கிறது. மூட்டுக்குள் இருக்கும் நீர், அறுந்த முனைகளில் இரத்தம் உறைந்து நிலைக்க விடுவதில்லை. அதனால் இந்த நார் பெரும்பாலும் பழையபடி கூடுவதில்லை. நாரில்லாத மூட்டு அடிக்கடி நழுவினால், உள்ளேயுள்ள பிறை வடிவக் குருத்தெலும்பும் கிழியக்கூடும். உண்மையில் அஞ்சவேண்டியது இதற்குத்தான்.

1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்னும் வைத்தியர், ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த நார்களைத் தைத்தார். இன்றோ பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்து, அல்லது முழங்கால் சில்லின் கீழிருந்து, ஒரு தசைநாணை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்துகின்றனர். சில்லின் கீழிருந்து எடுத்தால் மண்டியிடும்போது வலி தங்குவது அதிகம். தொழுகையில் முழங்கால் ஊன்றுகிற நாம் இதனை வைத்தியரிடம் முன்னதாகவே கலந்து பேசுவது நல்லது.

சரி, நார் அறுந்தோர் அனைவருக்கும் ரண சிகிச்சை அவசியந்தானா? சுவீடன் நாட்டு வைத்தியர்கள் 18 முதல் 35 வயது வரையுள்ள 121 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். 62 பேருக்கு உடனே ரண சிகிச்சையும் பிறகு தேகப்பயிற்சியும் அளித்தனர். மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டுமே. மூட்டு நிலைகொள்ளாதவர் பின்னர் ரண சிகிச்சை பெறலாம். 2010இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுகளில் அந்த 59 பேரில் 23 பேர்தாம் ரண சிகிச்சை பெற்றனர். வலியிலும் நடமாட்டத்திலும் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஐந்தாண்டுகளில் 23 என்பது 30 ஆயிற்று.

இதைக்கொண்டு கத்தியே வேண்டாமென்போர் அவசரப்படுகின்றனர். 2022இல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, காயம் பழையதாகியும் மூட்டு நழுவிக்கொண்டிருந்த 316 பேரைப் பற்றியது. பதினெட்டு மாதங்களுக்குப்பின் ரண சிகிச்சைப் பிரிவினரே மேலான நிலையிலிருந்தனர். ஆக, காயம் புதிதா பழையதா, கால் நழுவுகிறதா இல்லையா என்பதைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

ரண சிகிச்சை முடிந்தபின்னும் ஓர் அபாயம் இருக்கிறது. பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, இரத்தக் குழாய்கள் புகுந்தபின் மெல்ல மெல்லவே நாராக மாறுகிறது. அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வலியோ அதற்கு வெகு முன்பே நீங்கிவிடும்! வலியில்லையே என்று இளைஞர் பூட்ஸை மாட்டிக்கொள்கிறார். நார்வே நாட்டில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 106 பேரை இரண்டாண்டுகள் கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுந்தோறும் மறுகாயத்தின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அந்த ஒன்பது மாதத்தையும் நாற்காலியில் கழித்தால் பயனில்லை. தொடையின் முன்தசை மற்றக் காலின் பலத்தை நெருங்கியவர்களுக்கே மறுகாயம் குறைவாயிருந்தது. ஆதலின் 'எப்போது ஆடலாம்?' என்று வைத்தியரைக் கேட்கும்போது, இரு தொடைகளின் பலத்தையும் அளந்து சொல்லுமாறு சேர்த்தே கேளுங்கள்.