கழற்றிப் பூட்டிய வீடுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கட்டிய வீட்டைக் கழற்றி, லாரியில் ஏற்றி, 700 கிலோமீட்டருக்கு அப்பால் மறுபடியும் பூட்டி நிறுத்துவது அதைவிடப் பெரிய வேலை. அப்படி நிறுத்தப்பட்ட நம் ஊர் வீடு ஒன்றை அண்மையில் கண்டு வந்தேன். அன்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது தக்ஷிணசித்ரா. 1984இல் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை, 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. பத்து ஏக்கர் நிலத்தில் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் 18 நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, நெல்லைச் சீமை அக்ரகார வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று தமிழ்நாட்டுப் பகுதி விரிகிறது. கேரளப் பகுதியில் கோட்டயத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடும், திருவனந்தபுரத்து நாயர் குடும்ப வீடும் உள்ளன.

இவ்வகைத் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு முன்னோடி சுவீடன் நாட்டு ஸ்கான்சென். தொழிற்சாலைகள் பெருகிக் கிராம வாழ்வு மாறிவந்த காலத்தில், ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891இல் ஸ்டாக்ஹோமில் அதை அமைத்தார். முட்டுக்காட்டுக்கு வடிவம் தந்ததில் நம் நகருக்கும் பங்குண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதன் அமைப்புக்கு வழிகாட்டினார். அவர் வழிவந்த பென்னி குரியாகோஸ் பணியைத் தொடர்ந்தார்.

சொந்தக்காரர்கள் இடிக்கவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, இங்கே கொண்டுவந்து, அந்தந்த வட்டாரத்துத் தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டே மீண்டும் எழுப்பினார்கள். இது எப்படி இயன்றது? திருவனந்தபுரத்து வீட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தால் விடை கிடைக்கும். சுவரின் மேல் உத்தரம். அதன்மீது சாய்ந்து நிற்பவை கழுக்கோல்கள். அவை முகட்டில் மோந்தாயத்தோடு சேர்கின்றன. கழுக்கோல்களில் துளையிட்டு, ஊடே செல்லும் கட்டைக்கு வளை என்று பெயர். பொருத்துகளை இறுக்குவது மர ஆப்பு. இரும்பாணிக்கு அங்கே அதிக வேலையில்லை. ஆகவே ஆப்பைத் தட்டினால் கூரை துண்டு துண்டாகக் கழன்று வரும். வரிசை தெரிந்தால் திரும்பவும் பூட்டலாம்.

இதே குணந்தான் அத்தகைய வீடுகளுக்கு எமனாகவும் ஆயிற்று. எளிதாகக் கழல்வதை எளிதாக விற்கவும் முடியும் அல்லவா?

நாஞ்சில் நாட்டில் என் அம்மாவின் வீடு அப்படித்தான் போனது. பங்கு பிரிக்கையில், பழைய மரத்துக்கு நல்ல விலை என்று ஒரு மர வியாபாரி வந்தார். நானும் கையெழுத்திட்டவன்தான். மூன்றே நாளில் தூணும் கதவும் பத்தாயமும் லாரி ஏறின. ஒரு புகைப்படங்கூட எடுத்து வைக்கவில்லை.

முட்டுக்காட்டில் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க ஆச்சி வீடும் இப்படியா இருந்திச்சு?"

"இப்படித்தான்" என்றேன். அரங்கு எந்தப் பக்கம், அடுக்களைக்கு எத்தனை வாசல் என்று அவள் மேலும் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. பதினைந்து வயதுவரை விடுமுறைதோறும் ஓடியாடிய வீடு!

பத்மநாபபுரம் அரண்மனையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 1956இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னரும் கேரள அரசு அதைப் பேணி வருகிறது. அரண்மனைக்கு அரசு உண்டு. உழவன் வீட்டுக்கும் நெசவாளி வீட்டுக்கும் யார் உண்டு? எல்லா வீட்டையும் முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோக இயலாது. வாழ்கிறவர்களுக்கும் வசதி வேண்டும். இடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியுமில்லை.

ஆனால், இடிக்குமுன் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, அறை அறையாக அளந்து ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். இரண்டாவது, முற்றம் முதல் புறவாசல் வரை படமெடுங்கள். தூணும் உத்தரமும் சேரும் இடத்தை அருகிலிருந்து எடுங்கள். மூன்றாவது, வீட்டின் மூத்தவர்களை உட்காரவைத்து ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். முற்றம், அறை, அடுக்களை, உத்தரம், பத்தாயம் ஆகியவை தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொற்கள். வீடு போனால் இச்சொற்களைச் சொல்லவும் வாய்ப்பிராது.

முட்டுக்காட்டுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் குழந்தைகளோடு சென்று வாருங்கள். போகுமுன் உங்கள் பழைய வீட்டை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நான் வரைந்து பார்த்தேன். பாதித் தாள் வெறுமையாகவே இருக்கிறது.